எழுத்துக்கு முன்னே காதும் கையும்

வாசிக்கக் காது பழகியிருக்க வேண்டும். எழுதக் கண்ணும் கையும் பழகியிருக்க வேண்டும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் கேட்டுப் பிரித்தறிவது ஒலியுணர்வு. அந்த ஒலிகளை எழுத்துகளோடு பொருத்துவது அதற்கு அடுத்த படி. கண் பார்த்த இடத்துக்கு விரல் தவறாமல் போய்ச் சேர்வது கண்-கை இசைவு. இலங்கையில் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் ஒன்றில் சேர்கிறது. அதற்கு முந்திய ஐந்து வருடங்களை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளில் பலர் லயம் எனப்படும் வரிசை வீட்டிலும் சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலும் முன்பள்ளியிலுமாகக் கழிக்கிறார்கள். காதும் கையும் பழகுவதும் பழகாமல் போவதும் அங்கேதான்.

சின்னப் பிள்ளைக்குப் பேச்சு இடைவெளி இல்லாமல்தான் கேட்கிறது. ‘பால் குடிக்க வா’ என்று தாய் கூப்பிடும்போது அதில் மூன்று சொற்கள் இருப்பது இரண்டு வயதில் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மூன்று, நான்கு வயதில் சொற்கள் தனித்தனியாகப் பிடிபடத் தொடங்குகின்றன. பிறகு சொல்லுக்குள் இருக்கும் அசைகள் தெரிகின்றன: மா-டு, பாட்-டு, வா-ழைப்-ப-ழம். ஒவ்வோர் அசைக்கும் ஒரு கைதட்டு என்று விளையாடினால் நான்கு வயதுப் பிள்ளை சில நாட்களிலேயே பிடித்துக்கொள்ளும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் தப்பு மேளத்தின் அடி பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அந்த அடிக்குத் தங்கள் பெயர்களைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் அதுவே நல்ல பயிற்சி. ‘பல்’ என்ற சொல்லில் ப், அ, ல் என்று மூன்று ஒலிகள் இருப்பதை உணர்வது இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது.

இந்த வரிசை தமிழுக்கு மிகவும் முக்கியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு தனி ஒலியைக் குறிக்க முயல்கிறது. தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்திலேயே மெய்யும் உயிரும் சேர்ந்து நிற்கின்றன. ஆகவே தமிழ்ப் பிள்ளை தனி ஒலிகளாக உடைக்கத் தெரியாமலேயே வாசிக்கத் தொடங்கிவிடலாம். மறுபக்கத்தில், 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகள் காத்திருக்கின்றன. இதே அமைப்புடைய கன்னடத்தைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விடயங்கள் தெளிவாயின. எழுத்துகளின் தொகை பெரிது என்பதால் அவற்றைக் கற்று முடிக்க ஆங்கிலத்துக்கு ஆவதைவிடக் கூடிய காலம் ஆகிறது. தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகவே வளர்கிறது. ஆங்கில முறைப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்து, மூன்று வயதிலேயே தனி ஒலிகளை ஒப்புவிக்கச் செய்யும் பழக்கம் தமிழுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். அசையில் நீண்ட காலம் விளையாடிய பிள்ளைக்குத் தனி ஒலி பின்னால் எளிதாக வரும்.

இன்னொரு சிக்கல் வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையே இருக்கிறது. தமிழ்நாட்டின் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த முன்னோரின் பேச்சு லயங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இலை அங்கே ‘எல’, குடை ‘கொட’, மழை ‘மள’, வீடு ‘வூடு’. ‘இலை என்ற சொல்லின் முதல் ஒலி என்ன?’ என்று டீச்சர் கேட்க, பிள்ளை ‘எ’ என்று பதில் சொன்னால், அந்தப் பிள்ளையின் காது மிகச் சரியாக வேலை செய்கிறது என்றே பொருள். பிழை என்று திருத்தப்படும்போது தன் காதை நம்பக்கூடாது என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். வாசிப்புக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களிலிருந்து தொடங்குவது இதற்கு வழி: அம்மா, ஆடு, மாடு, பாட்டு, கல், பல், பால், படம், பட்டம். வீட்டுச் சொல்லும் புத்தகச் சொல்லும் வேறுபடுபவற்றைப் பின்னால் எடுத்து, ‘நாம எலன்னு சொல்றோம், புத்தகத்துல இலைன்னு எழுதுவாங்க’ என்று இரண்டையும் மதித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பாது.

எழுத்துகளுக்கு வரும்போது தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. உயிரும் உயிர்மெய்யும் எப்படிச் சொல்லப்படுகின்றனவோ அதுவே அவற்றின் ஒலி. மெய்யெழுத்தில்தான் இடறல். ‘இக், இங், இச்’ என்று மெய்களுக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது பரம்பரையாக வரும் பழக்கம். அப்படிக் கற்ற பிள்ளை ‘படம்’ என்பதை ‘ப, ட, இம்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, மூன்றையும் சேர்க்கத் தெரியாமல் நிற்கும். ஏனென்றால் அந்த ‘இ’ சொல்லில் இல்லை. புள்ளி வைத்த எழுத்தைத் தனியே ஒப்புவிக்கச் சொல்லாமல், முன்னெழுத்தோடு சேர்த்தே காட்டுவது நல்லது: ட, டம்; க, கல்; ப, பட். புள்ளி வந்தால் ஒலி அங்கே உயிரில்லாமல் நிற்கிறது என்பதைப் பிள்ளை தன் வாயிலேயே உணரும்.

ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பதும் தமிழின் இயல்பு. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்ற மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் நாக்கு தானாகவே சரியான ஒலியை எடுத்துக்கொள்ளும். தெரியாத சொல்லாக இருந்தால்தான் தடுமாற்றம். பேச்சில் சொல்வளம் உள்ள பிள்ளை வாசிப்பிலும் முந்துவதற்கு இது ஒரு காரணம். கொம்பு போட்ட எழுத்துகளில் சிக்கல் வேறு வகையானது. ‘செடி’ என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை. காது முதலில் கேட்பது சகரத்தை. ‘கொடி’யில் உயிர்க்குறி எழுத்தின் இரு பக்கத்திலும் நிற்கிறது. அதனால்தான் அரவு போட்ட கா, மா, பா போன்றவை முதலிலும், கொம்புகள் நன்றாகப் பிந்தியும் வருவது பிள்ளைக்கு இலகு.

வடிவத்திலும் இப்படி ஒரு முன்பின் உண்டு. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதி ஏடு தொடக்குகிறோம். அது ஒரு மங்கலச் சடங்கு; அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பயிற்சியாகப் பார்த்தால் ‘அ’ கடினமான வடிவங்களில் ஒன்று: சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு எல்லாம் அதில் வருகின்றன. ட, ப, ம, ய, ர போன்றவை பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. கை அவற்றை முதலில் பழகி, பிறகு சுழிக்குப் போவதே இயல்பான ஏற்றம்.

கை பழகுவது விரலிலிருந்து தொடங்குவதில்லை. குப்புறப் படுத்துத் தலை நிமிர்த்தும்போதும் தவழும்போதும் தோளும் முழங்கையும் பலப்படுகின்றன; அந்தப் பலத்தின் மேல்தான் விரலின் நுட்பம் நிற்கிறது. நான்கு மாதமளவில் குழந்தை கண்ணில் பட்டதை எட்டிப் பிடிக்க முயல்கிறது. ஒன்பது, பத்து மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கடலைப் பருப்பைப் போன்ற சிறு பொருளை எடுக்கின்றன. ஒன்றரை வயதில் கிறுக்கல் வருகிறது. மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும், ஐந்து வயதளவில் சதுரத்தையும் பார்த்து வரைய முடிகிறது. முக்கோணம் இன்னும் பிந்தி வரும். இவை ஏறக்குறைய வயதுகள். சில மாதம் முந்துவதும் பிந்துவதும் வழக்கம். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகள் ஐந்து வயதில் இன்னும் முற்றாக உருவாகி முடிவதில்லை. சரிந்த கோடும் சுழியும் நிறைந்த எழுத்துகளை மூன்று வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, உடல் தயாராகாத வேலையைக் கேட்பதாகும்.

ஆனால் தயாரானபின் கையால் எழுதுவதற்கு ஈடு இல்லை. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளை மூன்று வழிகளில் பழகினார்கள்: கையால் எழுதியும், போட்ட வடிவத்தின் மேல் வரைந்தும், விசைப்பலகையில் தட்டியும். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள் கையால் எழுதிய எழுத்துகளுக்கே நன்றாக உயிர்பெற்றன. பிள்ளை தானாக எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் கோணலாக, வேறு வேறு மாதிரி வருகிறது. அந்தக் கோணல்களினூடாகத்தான் எழுத்தின் சாரம் எது என்பதை மூளை பிடிக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். புள்ளிக்கோட்டின் மேல் வரையும் கொப்பிகளும் கைபேசியில் எழுத்தைத் தொடும் விளையாட்டும் இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

மலையகத்தில் இந்த வளர்ச்சிக்கு இடமும் நேரமும் எப்போதும் குறைவாகவே கிடைத்தன. பழைய லயத்தின் காம்பரா எனும் அறை பெரும்பாலும் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. அடுப்பு, கட்டில், துணிமணி எல்லாம் அதற்குள் இருக்க, குழந்தை தவழ எஞ்சுவது கொஞ்சம் இடம்தான். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் மழையும் குளிரும் வந்தால் இஸ்தோப்பில் விளையாடுவதும் நின்றுபோகும். தாய் காலையில் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினால் திரும்பப் பொழுது சாயும். அப்படி வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் வைத்திருந்த இடம் பிள்ளைக் காம்பரா. அங்கிருந்த ஆயம்மா பிள்ளைகளைத் தூங்கவைத்தாள், பசியாற்றினாள், விழாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை; அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்க 1970கள் வரை ஆனது. பாடசாலைக்கே அந்த நிலை என்றால், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கல்வியை நினைத்துப் பார்க்க ஆள் ஏது?

1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிய காலத்தில், தோட்ட மக்களின் வீடமைப்பையும் நலனையும் கவனிக்க ஓர் அமைப்பு உருவானது. அதுவே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதன் வழியாகப் பிள்ளைக் காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். இலங்கையின் முன்பிள்ளைப் பருவ வளர்ச்சிக்கென 2015இல் உலக வங்கி அங்கீகரித்த 5 கோடி டொலர் திட்டத்தில் தோட்டங்களின் நிலையங்களுக்கும் பங்கு கிடைத்தது. கட்டடம் மாறியது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு நிலையத்தின் தரத்தைச் சுவரின் வர்ணம் காட்டாது. உள்ளே இருக்கும் பெரியவர் ஒரு நாளில் ஒவ்வொரு பிள்ளையோடும் எவ்வளவு பேசுகிறார் என்பதே காட்டும்.

உணவையும் ஒதுக்கிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் இது 31.7 வீதம், நுவரெலியா மாவட்டத்தில் 32.4 வீதம். நீண்ட காலப் போசாக்குக் குறைவு உயரத்தோடு நிற்பதில்லை. சோர்ந்த பிள்ளை குறைவாகவே எட்டிப் பார்க்கிறது, குறைவாகவே தொட்டுப் பார்க்கிறது, குறைவாகவே கேள்வி கேட்கிறது. இங்கே ஜமேய்க்காவின் அனுபவம் நம்பிக்கை தருகிறது. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்து, 1980களின் பிற்பகுதியில் சாலி கிரந்தம்-மக்ரெகரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பகுதியினருக்குச் சத்துணவு, ஒரு பகுதியினருக்கு விளையாட்டு, இன்னொரு பகுதியினருக்கு இரண்டும். எஞ்சியோருக்கு இரண்டும் இல்லை. விளையாட்டு என்பது, சுகாதார உதவியாளர் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, கழிவுப் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவது. இரண்டு வருடம் அது நடந்தது. இருபது வருடங்களின் பின் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களின் வருமானத்தைவிட 25 வீதம் கூடியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் அந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

லயத்தில் கிடைப்பதும் போதும். ரொட்டிக்கு மா பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது உருட்டும், நீட்டும், கிள்ளும். உள்ளங்கையும் விரலும் பலப்படும். நீட்டிய மாவுத் திரியை வளைத்து ‘ப’ செய்யலாம், ‘ட’ செய்யலாம். உள்ளிப்பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, அவரை உடைப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் இரு கைகளும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலைகள். போத்தல் மூடிகளை நிறம்பார்த்துப் பிரிக்கலாம். மூடியைத் திறந்து மூடுவது மணிக்கட்டுக்கு நல்லது. அஞ்சாங்கல் விளையாட்டில் ஒரு கல்லை எறிந்து அது விழுமுன் மற்றதை அள்ளும் கைக்கு இணையான பயிற்சியைக் கடையில் வாங்க முடியாது. பாண்டி, பம்பரம், டயர் உருட்டுவது ஆகியவை சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு. பொங்கலுக்குப் புள்ளிக் கோலம் போடும் அக்காமார் பக்கத்தில் ஒரு சின்னக் கோலத்தைத் தங்கைக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுத்தால், கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைக் கண் கற்றுக்கொள்ளும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மட்டும் தேயிலை விதை, கூழாங்கல், மணி போன்ற சிறு பொருட்களைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

காதுக்கான பயிற்சிக்குப் பொருளே வேண்டாம். தாலாட்டு, விடுகதை, நாக்குப் பிறழும் வேடிக்கைச் சொற்கள், ஒரே ஒலியில் முடியும் சொற்களைத் தேடுவது ஆகியவற்றை நடந்துகொண்டே செய்யலாம். ‘மா’வில் தொடங்கும் பெயர் லயத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்று தேடுவது பிள்ளைகளுக்குச் சலிக்காத விளையாட்டு. படப் புத்தகம் ஒன்று கிடைத்தால் அதைப் பத்துத் தடவை வாசித்துக் காட்டலாம். சொன்ன கதையையே திரும்பக் கேட்பது பிள்ளைகளின் வழக்கம், அந்தத் திருப்பத்தில்தான் சொற்களின் ஒலி மனதில் பதிகிறது. வாசிக்கத் தெரியாத பாட்டியும் கதை சொல்லலாம். நாள் முழுவதும் கொழுந்து எடுத்துக் களைத்து வரும் தாயிடம் ஒரு மணி நேரப் பாடத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சமைக்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு நடக்கும் பேச்சே பெரிய உதவி.

காதையும் கையையும் ஒன்றாகப் பழக்கும் கருவி ஒன்றை மரியா மொண்டிசோரி உருவாக்கினார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கிப் பயிற்சி அளித்தவர். இலங்கையில் முன்பள்ளிக்கே ‘மொண்டிசோரி’ என்ற பெயர் வழங்குகிறது. அவருடைய அந்தக் கருவியில், பலகையில் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். கண், விரல், வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைச் சந்திக்கின்றன. பழைய அட்டையில் பசை பூசி மணலைத் தூவினால் எந்தத் தோட்டத்து நிலையத்திலும் இதைச் செய்துகொள்ளலாம். எழுத்தின் கோடு எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு புள்ளியால் காட்டிவிட்டால் விரல் சரியான திசையில் பழகும்.

முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்கு இவை தெரியும். அவர்கள் தடுமாறுவது பெற்றோரின் எதிர்பார்ப்புக்கு முன்னால். கொப்பி நிறைய எழுத்து இருந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எழுத்தறிவு எட்டாமல் வைக்கப்பட்ட ஒரு சமூகம் பிள்ளையின் கொப்பியில் எழுத்தைக் காண ஏங்குவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நாட்டின் ஆரம்பக் கல்வியே அதைக் கேட்கவில்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்து 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் எழுத்துவேலை என்று கற்றலை மூன்றாக வகுத்து, முதல் இரு தரங்களில் விளையாட்டுக்கே கூடிய இடம் கொடுத்தது. கொப்பிக்குப் பதிலாகப் பிள்ளையின் வேலையையே பெற்றோருக்குக் காட்டும் முன்பள்ளிகள் இந்த இழுபறியை நன்றாகச் சமாளிக்கலாம்: மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகள் கைதட்டிச் சொற்பிரிப்பதையும், களிமண்ணில் எழுத்துச் செய்வதையும், கதை சொல்வதையும் தாய்மார் நேரில் பார்க்கட்டும்.

பென்சில் பிடிக்கும் முறை தானாகவே மாறி வருவது. முதலில் முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பதும், நான்கு, ஐந்து வயதளவில் மூன்று விரலுக்கு வருவதும் இயல்பு. விரலளவு நீளமுள்ள வெண்கட்டித் துண்டும் கட்டைப் பென்சிலும் அந்த மாற்றத்துக்கு உதவும். நீண்ட மெல்லிய பென்சில் சிறு கைக்குக் கடினம். சுவரில் சாத்திய பலகையில் நின்றுகொண்டு வரைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு மாற்றக் கூடாது. தாளைச் சற்றுச் சரித்து வைத்து, மற்றப் பிள்ளையின் கை முட்டாத பக்கத்தில் இருத்தினால் போதும்.

சில பிள்ளைகளுக்குப் பயிற்சி மட்டும் போதாது. பிறந்தவுடன் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கான வளைகோட்டோடு வளர்ச்சிப் படிகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. நிறுக்கும் நாளில் அந்தப் பக்கங்களையும் பார்க்கும்படி குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒரு கையையே முற்றாகத் தவிர்க்கும் குழந்தை, பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோகும் பிள்ளை ஆகியோரை வைத்தியரிடம் காட்ட வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் தடிமன் அடிக்கடி வருகிறது. அதோடு நடுக்காதில் நீர் தங்கினால் வெளியே தெரியாமலேயே பல வாரங்களுக்குக் கேட்டல் மங்கும். அந்த வாரங்களில் ‘ல’வும் ‘ள’வும் பிள்ளைக்கு வேறுபட்டுக் கேட்பதில்லை. கவனமில்லாத பிள்ளை என்று முடிவுகட்டுமுன் காதைச் சோதிப்பது முன்பள்ளி ஆசிரியையும் தாயும் சேர்ந்து எடுக்க வேண்டிய முதல் நடவடிக்கை.